ஓல்டாம் பெயரில் ஒரு கனிமம்

கல்வராயன் மலைப் பாறைகளைப் பற்றிய பழைய குறிப்புகளைத் தேடப்போய், பூமியில் மிக அரிதான ஒரு கனிமத்தில் வந்து நின்றேன். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்ட நூல்வரிசையின் நான்காம் தொகுதியில் இரண்டு அறிக்கைகள் எங்கள் பக்கத்தைப் பற்றியவை. 1862இல் வந்தது எச். எஃப். பிளான்ஃபோர்டு எழுதியது; தென்னார்க்காடு, திருச்சி மாவட்டங்களின் பழங்கடல் படிவுகளைச் சொல்வது. 1864இல் வந்ததை வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் எழுதினார்கள். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். எங்கள் பக்கமான கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டில் இருந்தது.

இவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர் தாமஸ் ஓல்டாம். டப்ளினில் பிறந்து, 1851இல் கல்கத்தாவுக்கு வந்து, கால் நூற்றாண்டு அந்தத் துறையை நடத்தியவர். அவரைப் பற்றிப் படித்தபோதுதான் ஓல்டாமைட் என்ற பெயர் கண்ணில் பட்டது. அது கால்சியம் சல்பைடு. பெயர் சூட்டப்பட்ட ஆண்டும் 1862.

அது கிடைத்த கல்லும் இந்தியாவில் விழுந்ததுதான். 1852 டிசம்பர் 2 அன்று, கோரக்பூருக்கு மேற்கே, பஸ்தியில். ஒன்றரைக் கிலோ அளவுள்ள அந்த விண்கல்லை ஜார்ஜ் ஆஸ்போர்ன் என்பவர் லண்டனுக்கு அனுப்பிவைத்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் கனிமப் பிரிவைக் கவனித்த நெவில் ஸ்டோரி மாஸ்கெலின் அதற்குள் வெளிர்பழுப்பு உருண்டைகளைக் கண்டார். ஒவ்வொன்றின் மேலும் ஜிப்சம் தோல்போலப் படிந்திருந்தது. உள்ளே இருந்த புதுக் கனிமத்துக்கு ஓல்டாமின் பெயரை வைத்தார். அதே கல்லில் கிடைத்த டைட்டானியம் நைட்ரைடுக்கு ஆஸ்போர்னின் பெயர் போயிற்று.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி. சுண்ணாம்பிலும் எலும்பிலும் இருக்கும் கால்சியம். பட்டாசு மருந்தில் இருக்கும் கந்தகம். இரண்டுமே எங்கும் கிடைப்பவை. இவை சேர்ந்த கனிமம் மட்டும் ஏன் இவ்வளவு அரிது?

காச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியில் பார்க்கும் கரும்பாறையிலேயே விடை இருக்கிறது. கல்வராயனின் பெரும்பகுதி சார்னோக்கைட். அதில் கால்சியம் ஃபெல்ஸ்பாருக்குள், ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடக்கிறது. கந்தகம் பெரும்பாலும் இரும்போடு போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆக்சிஜன் தாராளமாக உள்ள இடத்தில் கால்சியம் கந்தகத்தை நாடுவதில்லை. அப்படியே ஓல்டாமைட் உண்டானாலும் மழை அதை விடாது. ஈரம் பட்டால் சிதைந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். காற்றும் சேர, கடைசியில் ஜிப்சமாகும். மாஸ்கெலின் பார்த்த தோல் அதுதான். பெரம்பலூர் மாவட்டம் காரைக் களிமண் நிலத்தில் பளபளக்கும் ஜிப்சம் வேறு வழியில் உண்டானது, பொருள் ஒன்றே.

படிக அமைப்பு சமையல் உப்புடையது. கடினம் 4. உருகவோ 2,500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வேண்டும். அவ்வளவு சூட்டைத் தாங்குவது ஒரு சொட்டு நீருக்குக் கரைவதால், இதைத் தேய்த்து மெருகேற்றும் ஆய்வாளர்கள் தண்ணீரையே தவிர்க்கிறார்கள்.

எங்கள் பழைய மாவட்டத்திலும் ஒரு விண்கல் விழுந்திருக்கிறது. 1886 ஜனவரி 27, திருவண்ணாமலை அருகே நம்மியந்தல், நாலரைக் கிலோ. அதிலும் இது இருக்குமோ என்று ஆவலோடு பார்த்தேன். அது சாதாரண காண்டிரைட் வகை. அந்த வகையில் இரும்பு சல்பைடான ட்ராய்லைட் இருக்கும், ஓல்டாமைட்டுக்கு இடமில்லை. ஆக்சிஜன் மிகவும் குறைந்த சூழலில் பிறந்த என்ஸ்டடைட் காண்டிரைட்டுகளும், பஸ்தி கல்லைப் போன்ற ஆப்ரைட்டுகளுமே இதன் வீடு.

அந்த வீட்டில் இது எப்படிப் பிறந்தது என்பதில்தான் வழக்கு. சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், சூரியனைச் சுற்றிய வாயுவில் கார்பன் மிகுந்த பகுதியில் நேரடியாக உறைந்தது என்கிறது ஒரு தரப்பு. சிறுகோளுக்குள் பாறை உருகியபோது படிகமானது என்கிறது மறு தரப்பு. இந்தக் கனிமத்தில் அருமண் தனிமங்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு, சிலவற்றில் 100 மடங்கு வரை, குவிந்திருக்கின்றன. ஆய்வகத்தில் உருக்கிப் பார்த்தபோது அவை அந்த அளவுக்குக் கால்சியம் சல்பைடில் போய்ச் சேரவில்லை. ஆகவே முதல் தரப்பின் வாதமே எனக்கு வலுவாகப் படுகிறது. பஸ்தியின் பெரிய உருண்டைகள் பிறகு உருக்கத்தில் மாறியிருக்கலாம். இது விண்கற்களில் மட்டும்தானா? 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம் அங்கே கந்தகம் மிகுந்திருப்பதைக் கண்டது. கால்சியம் கூடிய இடங்களில் கந்தகமும் கூடியிருந்தது. புதன் தரையிலும் ஓல்டாமைட் இருக்கலாம் என்கிறார்கள்.

கல்வராயன் பக்கத்தில் நாளை ஒரு விண்கல் விழலாம். 2008 செப்டம்பரில் சூளகிரியில் விழவில்லையா? கருகிய தோலுடன் அப்படியொரு கல் கிடைத்தால் தண்ணீரில் கழுவாதீர்கள். மஞ்சள் நீரும் ஊற்றாதீர்கள். ஈரம் படாமல் உலர்ந்த உறையில் வைத்து, புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொல்லுங்கள்.