கதவைச் சாத்துங்க மாமா

மணலியில் ஆலைக் கன்ட்ரோல் ரூமிலேயே காலம் தள்ளியவனுக்கு, எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் சுவரைத்தான் பார்க்கும். ஆஸ்லோவில் அக்கா மகள் வீட்டில் அறைக்கு ஒரு வெள்ளை டப்பா மாட்டியிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. நெஞ்சு உயரத்தில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், ஒயர் எதுவும் இல்லாமல். ஜன்னலுக்குக் கீழே நீளவாக்கில் எலக்ட்ரிக் ஹீட்டர். டப்பா அறையின் சூட்டை அளந்து ரேடியோவில் சொல்லும். ஹீட்டரோடு சேர்த்த ரிசீவருக்குள் ஒரு ரிலே 'டக்' என்று மின்சாரத்தை விடும், இல்லையென்றால் நிறுத்தும். ஹால் 21 டிகிரி, படுக்கையறை 17, யாரும் தங்காத அறை 12. தண்ணீர்க் குழாய் உறைந்துவிடாமல் இருக்கத்தான் அந்தப் 12.

ஹீட்டரிலேயே தெர்மோஸ்டாட் இருக்கிறதே, தனியாக எதற்கு என்றார் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர். ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்துச் சூடுதான் பெரிதாகத் தெரியும். சீக்கிரமே போதும் என்று நின்றுவிடும். அறையின் மறுகோடியில் கட்டிலில் கிடப்பவன் நடுங்குவான். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளை எங்கே செருகுகிறாய் என்பதில்தான் பாதி வேலை என்று என் முதல் ஃபோர்மேன் சொல்வார். ஆலையில் வால்வு நிலைகொள்ளாமல் திறந்து மூடி ஆடினால் அதற்கு 'ஹன்டிங்' என்று பெயர். அந்தச் சத்தம் கேட்டால் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவோம்.

மின்சார ஹீட்டரில் ஒரு நேர்மை உண்டு. உள்ளே போகிற ஒவ்வொரு வாட்டும் சூடாகத்தான் வெளியே வரும். அதிலிருந்து கூடுதலாக எதையும் கறக்க முடியாது. மிச்சம் பிடிக்க ஒரே வழி, குறைந்த அறைகளை, குறைந்த நேரம், குறைந்த டிகிரியில் வைத்திருப்பது. ஒரு டிகிரி இறக்கினால் ஏறக்குறைய 5 சதவீதம் மிச்சம் என்பது அங்கே வாய்ப்பாடு.

நார்வேயில் மின்சாரம் பெரும்பாலும் அருவி நீரில் பிறப்பது. மலிவாகக் கிடைத்ததால் அடுப்பு, வெந்நீர், அறைச்சூடு எல்லாமே அதில் என்று பழகிவிட்டார்கள். 2019-க்குள் எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மீட்டர் வந்து, மணிக்கு ஒரு விலை என்றாகிவிட்டது. 2021 குளிர்காலத்தில் தெற்கே விலை எகிறி, அந்த டிசம்பரிலேயே அரசு பில்லில் ஒரு பங்கை ஏற்க ஆரம்பித்தது. வடக்கே விலை அந்த அளவுக்கு ஏறவில்லை. அங்கே மிஞ்சும் மின்சாரத்தை எல்லாம் தெற்கே கொண்டுவரக் கம்பி போதாது. அக்கா மகள் ராத்திரி படுக்குமுன் ஃபோனில் மறுநாள் விலையைப் பார்ப்பாள், எங்கள் தெருவில் பெண்கள் தங்கம் விலை பார்ப்பதுபோல.

இவ்வளவையும் கெடுத்தவன் நான். "கதவைச் சாத்துங்க மாமா" என்பாள். ஹால் கதவு திறந்திருந்தால் ஹாலின் சூடு படுக்கையறைக்கு நழுவும். ஹால் டப்பா இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பிரித்து ஆள்வதெல்லாம் கதவு மூடியிருக்கும் வரைதான். எங்கள் மணலி புதுநகரில் பகலில் ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே காய்ச்சல்காரர் இருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் புது மாப்பிள்ளை வந்திருக்கிறார்.

சி.எம்.டி.ஏ. மனை பிரித்துக் கொடுத்த ஊர் எங்களுடையது. காங்கிரீட் கூரை, அடியில் இரண்டு ஃபேன். அக்னி நட்சத்திரத்தில் கடல்காற்று மதியத்துக்கு மேல் தாமதித்தால் அவ்வளவுதான். சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளிப்போம், ஆவி அடங்கியதும் பாயோடு எல்லோரும் மேலே. விடியற்காலை பனி இறங்கினால் கிழவிகள் மட்டும் கீழே. மழைக்காலத்தில் சமையல்கட்டு. சூட்டை அறை அறையாக மாற்றத் தெரியாது, ஆட்களை மாற்றினோம். கரன்ட் போன இரவுகளில் கிழக்கே அனல்மின் நிலையத்துப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கொசஸ்தலையாறு உள்ளே வந்த 2015-இலும் 2021-இலும் அதே மொட்டைமாடிக்குத்தான் ஏறினோம். அப்போது காரணம் வெக்கை இல்லை.

ஆஸ்லோ கோயிலில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்தேன். எண்பதுகளில் வடகோடி ஃபின்மார்க்கில் மீன் பதப்படுத்தும் ஆலைக்கு வேலைக்கு வந்தவர். அங்கே குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் எழாது. எப்படிச் சமாளித்தீர்கள் என்றேன். "அப்ப எங்களுக்கு என்ன, அறைக்கு அறை ஹீட்டர் போடுறதே? ஒண்டைப் போட்டுட்டு ஏழெட்டுப் பேரும் அதுக்குள்ளதான் கிடந்தனாங்கள்" என்றார். இப்போது அவர் வீட்டிலும் அந்த வெள்ளை டப்பாதான். பிள்ளைகள் ஆளுக்கோர் அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறார்களாம். சாப்பாட்டுக்குக் கூப்பிட வாட்ஸப் அனுப்புகிறாராம். குறையாகச் சொன்னாரா, பெருமையாகவா, பிடிபடவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஏ.சி. வந்தது பேத்தி பிறந்தபோது. ஒரே அறை. கட்டிலில் மூன்று பேர், தரையில் நான்கு, வாசற்படி ஓரம் நான். 2020 முதல் செய்த ஏ.சி. எல்லாம் போட்டதும் 24-இல்தான் நிற்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. என் மகன் உடனே 18-க்கு இறக்குவான், அவன் தூங்கியதும் அவன் அம்மா 26-க்கு ஏற்றுவாள். வீட்டுக்குள்ளேயே ஹன்டிங். இதற்கு மேல் ஒரு செட் பாயின்ட் உண்டு: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட். அதைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். தெருவில் எல்லா வீட்டிலும் மீட்டரை எட்டிப் பார்த்து மனக்கணக்குப் போட ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் நான்.

போன சித்திரையில் மகன் மாடி அறைக்கும் ஒன்று வாங்கினான். ஃபோனிலிருந்தே தனித்தனியாக ஓட்டலாம், நேரம் வைக்கலாம், ஆளில்லாவிட்டால் தானாக நிற்கும் என்று விளக்கினான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒயரிங் நானே பார்த்தேன். வெயில் ஏறியதும் பேத்தி பாட்டியை விட்டு மேலே வரமாட்டேன் என்றாள். அவள் இல்லாமல் மருமகள் போகவில்லை, மருமகள் இல்லாமல் மகனும் போகவில்லை. மாடி அறையில் இப்போது அரிசி மூட்டையும் கேரம் போர்டும் இருக்கின்றன. மீட்டர் 500-ஐத் தொடவில்லை.