கண்ணுக்குப் புலனாகா ஏவலர்

கொல்லிமலை என்றதும் தமிழ் பயின்றோர் நெஞ்சில் வல்வில் ஓரியும் கொல்லிப்பாவையும் தோன்றுதல் இயல்பு. அப்பாவையைப் பூதம் ஒன்று அமைத்ததாக நற்றிணை நவிலும். கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஆற்றல் தொழிற்படுவது நம் முன்னோர்க்குப் புதிய கற்பனை அன்று. கணினியிலும் அத்தகைய பூதங்கள் உண்டு என்றால் மாணவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அது மெய்யே.

1963-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் பேராசிரியர் கொர்பாட்டோ குழுவினர், திரைக்குப் பின்னே இடையறாது இயங்கும் நிரல்களுக்கு ‘டீமன்’ எனப் பெயரிட்டனர். மூலக்கூறுகளைப் பிரித்தனுப்புவதாக இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் 1867-இல் கற்பித்த குறும்பூதமே அப்பெயருக்கு மூலம். விண்டோஸ் கணினியில் இவை ‘சேவைகள்’ எனப்படும். அச்சுக்குச் செல்லும் பக்கங்களை வரிசைப்படுத்துதல், கடிகாரத்தைச் சரிசெய்தல் போன்றவை இவற்றின் பணிகள்.

கொல்லிமலைச் செம்மேட்டை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். ஒருநாள் மடிக்கணினியுடன் வந்தார். “ஐயா, வேண்டாத சேவை ஒன்றை நேற்று நிறுத்தினேன். இன்று திறந்தால் மறுபடியும் ஓடுகிறது. நிறுத்து என்றால் நிறுத்து என்பதுதானே பொருள்?” என்று வினவினார். கணினி வல்லுநரிடம் கேட்க வேண்டிய வினா எனினும், அதனுள் ஓர் இலக்கண வினாவும் பொதிந்திருந்தது.

சேவைகளை ஆளும் சாளரத்தில் ‘நிலை’ என்றும் ‘தொடக்க வகை’ என்றும் இரு கூறுகள் உண்டு. முன்னது நிகழ்காலம், பின்னது எதிர்காலம். ‘நிறுத்து’ என்னும் ஏவல் நிகழ்காலத்தை மட்டுமே தொடும். தொடக்க வகை ‘தானாக’ என்றிருப்பின், கணினி மீண்டும் விழிக்கையில் சேவையும் விழித்துக்கொள்ளும். இவ்வாறு விளக்கியதும், “அப்படியானால் இரண்டு காலத்துக்கும் இரண்டு கட்டளை வேண்டுமே, ஐயா!” என்றார் மாணவர். 2010-இல் லினக்ஸுக்கென வெளிவந்த சிஸ்டம்டி என்னும் மென்பொருள் அவ்வாறே ‘ஸ்டாப்’, ‘டிசேபிள்’ என இரண்டையும் வேறு பிரித்து வைத்துள்ளது.

இடைமுகத்தில் செய்யும் சிறு திருத்தமும் பெரும்பயன் தரும். விண்டோஸ் சேவைச் சாளரத்தில், இயங்காத சேவையின் நிலை வெற்றிடமாகவே காணப்படும். 2007-இல் பொதுமக்களிடம் வந்த விஸ்டாவின் பணி மேலாளரிலோ சேவைகளுக்கெனத் தனிப்பக்கம் அமைந்து, ‘நின்றுள்ளது’ என்னும் பொருள்படும் சொல் இடம்பெற்றது. வெற்றிடத்துக்குப் பொருள் தேடும் சுமை நீங்கிற்று.

இன்னும் செய்யத்தக்கன உள. ‘இப்போது நிறுத்து’, ‘இனித் தொடங்காதே’ என இரு பொத்தான்கள் தமிழில் அருகருகே அமையலாம். ஒன்றை நிறுத்தினால் அதைச் சார்ந்த எவையெவை நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். விளங்காப் பெயருக்கு மாற்றாக ‘அச்சுப்பணி வரிசை’ என்று பயன் சுட்டிப் பெயரிடலாம்.

இவை வெறும் அழகுக்கான திருத்தங்கள் அல்ல. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையூர் வீடுகளுக்கும் கணினி சென்றது. தன் பொறியில் எவை இயங்குகின்றன என்று அறியாதவன், அதற்கு உடையவன் ஆயினும் ஆள்பவன் ஆகான். ஐயம் நேர்ந்தபோதெல்லாம் தன் கடிதங்களும் நிழற்படங்களும் அடங்கிய பொறியைப் பிறர் கையில் ஒப்படைப்பான். மக்கள் நம்பி ஏற்கும் பொறி, அதை ஆக்குவோரிடம் உள்ள அமானிதம். அதன் செயலை மறைவின்றி உரைப்பது அவர்தம் கடமை.

எனவே, கணினித்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரு மேசையில் அமர வேண்டும். ஒருவர் பொத்தானை அமைக்கட்டும். மற்றவர் அதற்குச் சொல் தேடட்டும். அச்சொல்லைக் கணினி அறியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் கொண்ட பொருளை இருவரும் செவிமடுக்கட்டும். தமிழுக்கு இந்நாளில் ஆற்றத்தக்க நற்றொண்டுகளுள் அதுவும் ஒன்றாகும்.