பாரம் இறங்கியாச்சு... அப்புறம்?

போன மாதம் டீக்கடையில் நண்பன் ஒருவன் கேட்டான்: "உங்களுக்கெல்லாம் என்னடா கவலை? உண்மை எதுன்னு கண்டுபிடிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை போய்ப் பாட்டுப் பாடிட்டு வந்தா போதும்!"

கிண்டலாகத்தான் கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூரில், ஒரு கிறிஸ்தவ வீட்டில். பதினைந்து வயதில் எனக்குத் திடப்படுத்தல் நடந்தது. ஞானோபதேசக் கேள்வி பதில்களை மனப்பாடமாக ஒப்பித்தேன். பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். வெள்ளைச் சட்டை, போட்டோ, பிரியாணி. பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. இனிமேல் படிக்க ஒன்றுமில்லை!

இரண்டு வருடம் கழித்து ஆயா படுத்த படுக்கையானார். தினமும் ஜெபித்தேன், உபவாசம்கூட இருந்தேன். ஆயா இறந்துவிட்டார். அதன்பிறகு ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வராது. ஆராதனை நேரத்தில் வெளியே வேப்பமரத்தடியில் பைக் மேல் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா திட்டவில்லை. ஆயாவின் பெட்டியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். 'மோட்சப் பிரயாணம்'. இங்கிலாந்தில் ஜான் பனியன் எழுதி 1678இல் வெளிவந்த கதையின் தமிழ் வடிவம். தடையை மீறிப் பிரசங்கம் செய்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தவர் அவர்.

முதுகில் பாரத்தோடு ஒருவன் பரலோகப் பட்டணத்தைத் தேடிப் புறப்படுகிறான். அந்தப் பாரம் எப்போது இறங்கும்? கதை முடியும்போது என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை! சிலுவையைக் கண்டதும், கதையின் முற்பகுதியிலேயே இறங்கிவிடுகிறது. மலையேற்றம், சண்டை, கூட வந்த நண்பனின் மரணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். பாரம் இறங்கியவன்தான் சுலபமான வழி என்று நம்பிப் போய்ச் சந்தேகக் கோட்டையில் மாட்டிக்கொள்கிறான். புதன் காலை முதல் சனி இரவு வரை இருட்டறை. திறக்கும் சாவியோ அவன் மார்பிலேயே இருந்திருக்கிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம்.

அந்தப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் கோடு போட்டிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "தாத்தா செத்த வருஷம் ஆயா ஆறு மாசம் கோயிலுக்கே போகலப்பா" என்றார். ஆயாவா! தினமும் விடியற்காலையில் வேதம் வாசித்த ஆயாவா!

இந்தக் கதையைத் தழுவித் தமிழில் 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காவியத்தைப் பாடியவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. நெல்லைச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில் வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். காவியம் நூலாக வந்தது 1894இல். நடுவில் முப்பத்தாறு வருடம்! கண்டுபிடித்ததோடு வேலை முடிந்தது என்றால், அறுபத்தேழு வயதில் ஏன் ஒரு யாத்திரைக் கதையைக் கையில் வைத்திருந்தார்?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. சமண மடத்தில் தருமசேனராக இருந்து, சைவத்துக்குத் திரும்பிய அப்பர், கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டுக் கரையேறியது இங்கேதான் என்பார்கள். கரையேறவிட்டகுப்பம் என்று இடமே இருக்கிறது. கரையேறியதும் அவர் உட்கார்ந்துவிட்டாரா? முதுமையில் கயிலாயம் நோக்கி நடந்து, நடக்க முடியாதபோது தவழ்ந்தும் போனார் என்கிறது பெரியபுராணம். அவர் வழி வேறு, என் வழி வேறு. ஆனால் கரையேறிய பிறகும் நடக்கவேண்டும் என்பதை அவரிடமும் கற்றுக்கொள்ளலாம்.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு 'மார்க்கத்தார்' என்று ஒரு பெயர் உண்டு. மார்க்கம் என்றால் வழி. போய்ச் சேர்ந்தவர்கள் என்று பெயரில்லை, வழியில் இருப்பவர்கள் என்றுதான் பெயர்.

இப்போது ஆலயத்துக்கு உள்ளே போகிறேன். சில ஞாயிறு ஜெபம் வருகிறது, சில ஞாயிறு வருவதில்லை. வராத நாளிலும் வழியில்தான் இருக்கிறேன் என்று தெரியும்.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்தப் புக்கைக் கொடுடா, படிச்சிட்டுத் தரேன்" என்றான்.

கொடுத்திருக்கிறேன். பென்சில் கோட்டை மட்டும் அழித்துவிடாதே என்று சொல்லி!