பாசிக்கு ஆன்டிபயாடிக் போட்ட டாக்டர்

சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம்னு ஓபியில தினமும் தொண்டை வறள சொல்றவன் நான். அதே நான், ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு மீன் தொட்டியில எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடிச்சுப் போட்டேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

போன வருஷம் 60 லிட்டர்ல ஒரு சின்ன கடல்நீர் தொட்டி வெச்சேன். உப்புத் தண்ணி, மணல், பாறை, ஒரு ஜோடி கிளவுன் மீன் (குழந்தைங்க பாஷையில 'நீமோ'), பட்டன் பட்டனா விரியிற ஒரு மென்பவளம். கல் மாதிரி வளர்ற பவளங்கள் நம்ம நாட்டுல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. புலி இருக்கிற அதே அட்டவணை. யாராவது விலைக்குக் குடுத்தாலும் வாங்காதீங்க.

புதுத் தொட்டியில உடனே மீன் விடக்கூடாது. கழிவுல வர்ற அம்மோனியாவை நைட்ரைட்டாவும், அதை நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா முதல்ல பாறையில குடியேறணும். நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் நல்ல பிள்ளையா காத்திருந்தேன்.

மூணாவது வாரமே மணல் மேல பழுப்புப் பொடி. டயாட்டம்னு ஒரு நுண்பாசி, தண்ணில இருக்கிற சிலிகேட்டை எடுத்து வளரும். புதுத் தொட்டிக்கு இது வந்துட்டுத் தானா போயிடும். போச்சு. அடுத்து பாறையெல்லாம் பச்சைத் தலைமுடி மாதிரி பாசி. மீன் விட்டதுக்கு அப்புறம், மணல் மேல போர்வை போர்த்தின மாதிரி சிவப்பு ஜவ்வு. சயனோபாக்டீரியா. பேர்லயே இருக்கு, அது உண்மையில பாசி இல்ல, வெளிச்சத்துல உணவு தயாரிக்கிற பாக்டீரியா.

பாக்டீரியான்னு படிச்சதும் எனக்குள்ள இருந்த டாக்டர் முழிச்சுக்கிட்டான். டியூட்டி முடிஞ்சு வந்து தினமும் அந்த ஜவ்வையே பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப் போயிருந்தேன். ஏதாவது செஞ்சே ஆகணும்.

ரெண்டே நாள்ல தொட்டி பளிச். வீட்ல பெருமையா கூப்பிட்டுக் காட்டினேன்.

மூணாம் நாள் ராத்திரி ரெண்டு மீனும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. ஜவ்வு செத்துச்சு சரி, செத்தது எங்க போகும்? உள்ளேயே அழுகி, தண்ணில இருந்த ஆக்சிஜனைக் காலி பண்ணிடுச்சு. கழிவைச் சுத்தம் பண்ற நல்ல பாக்டீரியாவுக்கும் மருந்து அடி குடுத்திருக்கணும். அம்மோனியா டெஸ்ட் பண்ணேன். மஞ்சளா இருக்க வேண்டிய குழாய் பச்சையா நிக்குது.

ராத்திரி ரெண்டு மணிக்கு உப்புக் கலக்கி, பாதித் தண்ணியை மாத்தி, ஏர் பம்ப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விடியும்போது ஒரு மீன் பிழைச்சிருந்துச்சு. இன்னொண்ணு இல்ல. ஆறு வயசுப் பொண்ணு எழுந்து வந்து தொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. "நீங்க டாக்டர்தானப்பா?"ன்னு கேட்டா. கோபமா இல்ல, நிஜமாவே புரியாம.

மருந்து கலந்த அந்தத் தண்ணியை பாத்ரூம் சாக்கடையிலதான் கொட்டினேன். கிருமிகள் மருந்துக்கு அடங்காம போறதைப் பத்தி ஊருக்கு உபதேசம் பண்றவன் பண்ண வேலை இது.

ரெண்டு வாரத்துல ஜவ்வு திரும்ப வந்துச்சு.

அப்புறம்தான் முதல் நாளே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். நோயாளிகிட்ட கேட்கிற மாதிரி தொட்டியோட கதையைக் கேட்டேன்.

தண்ணி எங்கேருந்து? சமையலறை ஆர்ஓ. சுத்தம்னுதான் நினைச்சேன். டிடிஎஸ் மீட்டர் வெச்சா 84. குடிக்கிற ஆர்ஓல ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணியைக் கலந்து விடுற மாதிரி வெச்சிருப்பாங்க. நமக்கு நல்லது. ஆனா தொட்டியில ஆவியாகுற தண்ணிக்குப் பதிலா இதை ஊத்த ஊத்த, சிலிகேட், நைட்ரேட் மாதிரி அதுல இருக்கிறதெல்லாம் உள்ளேயே சேர்ந்துக்கிட்டே இருக்கும். கடல்நீர் தொட்டிக்கு டிடிஎஸ் பூஜ்ஜியம் வேணும்.

சாப்பாடு? காலையில பொண்ணு போடுறா. மதியம் மனைவி. ராத்திரி நான். மூணு பேருக்கும் மத்தவங்க போடுறது தெரியாது. காய்ச்சல் சிரப்பை அம்மா ஒருதடவை, பாட்டி ஒருதடவை குடுக்கிற அதே கதை. மிச்சம் அழுகினா நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். பாசிக்கு அதுதான் உரம்.

வெளிச்சம்? காலை எட்டுலேருந்து ராத்திரி பன்னிரண்டு வரைக்கும். லேட்டா வர்ற நான் பார்க்கணும்னு.

அலை? பாறைக்குப் பின்னாடி தண்ணி அசையவே இல்ல. ஜவ்வு முதல்ல பிடிச்ச இடமும் அதுதான்.

ஆக, பாசியை வளர்த்ததே நாங்கதான்.

செஞ்சது இவ்வளவுதான். தொட்டிக்குத் தனியா டிடிஎஸ் பூஜ்ஜியம் வர்ற ஃபில்டர். சாப்பாடு ஒருநாளைக்கு ஒரே வேளை, பொண்ணு கையால மட்டும். விளக்குக்கு டைமர், ஏழு மணி நேரம். அலை பம்ப்பைத் திருப்பி வெச்சேன். வாராவாரம் பத்து சதவீதம் தண்ணி மாத்தும்போது ஜவ்வைக் குழாயால உறிஞ்சி எடுத்தேன். பச்சை முடியைப் பழைய டூத் பிரஷ்ல சுத்திப் பிடுங்கினேன். பாசி தின்ன மூணு நத்தை. தாமிரம் இருக்கிற பாசி மருந்துகளைத் தொடவே இல்ல, அது நத்தையையும் பவளத்தையும் சேர்த்தே கொன்னுடும்.

ரெண்டு எச்சரிக்கை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் ஒரேயடியா பூஜ்ஜியம் ஆக்கப் பார்க்காதீங்க. பவளத்துக்கும் கொஞ்சம் வேணும். அது இல்லாத தொட்டியில டைனோஃப்ளாஜெல்லேட்னு இதைவிட மோசமான ஒண்ணு வந்து உட்காரலாம். இன்னொண்ணு, பட்டன் பவளம் ஒட்டின கல்லைப் பாசி போகட்டும்னு வெந்நீர்ல போடாதீங்க. சில வகையில பாலிடாக்ஸின்னு கடுமையான விஷம் இருக்கு. அந்த ஆவியைச் சுவாசிச்சே ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு. கையுறை இல்லாம தொடவும் வேண்டாம்.

மூணு மாசம் ஆச்சு. முதல் மாசம் எதுவுமே மாறல. அதுதான் கஷ்டமான மாசம்.

"ஊசி போடலையா சார்?"னு குழந்தையைத் தூக்கிட்டு வர்ற அம்மாக்கள் கேட்கும்போது முன்னாடி எனக்குச் சலிப்பு வரும். இப்போ வர்றதில்ல. கண்ணு முன்னாடி ஒண்ணு சரியில்லாம இருக்கும்போது சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சுபோச்சு. அதனால "ஒண்ணும் இல்லம்மா, போங்க"ன்னு அனுப்புறதில்ல. காய்ச்சல் எத்தனை நாள் இருக்கலாம், எதெல்லாம் குடுக்கணும்னு சொல்றேன். மூச்சு வேகமா வாங்கினா, பால் குடிக்கலைன்னா, சோர்ந்து கிடந்தா உடனே வாங்க, இல்லாட்டியும் மூணாம் நாள் கொண்டுவந்து காட்டுங்கன்னு எழுதிக் குடுக்கிறேன். ஒருத்தருக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகுது. வரிசை நீளுது. பரவாயில்ல.

இப்போ மணல் வெள்ளையா இருக்கு. மீன் ஒண்ணுதான், இன்னும் ஜோடி வாங்கல. பின்பக்கக் கண்ணாடியில மட்டும் பாசி படிஞ்சிருக்கும். அதை நான் துடைக்கிறதில்ல. துடைச்சா நத்தைக்குச் சாப்பாடு இல்லைன்னு பொண்ணு சொல்லியிருக்கா.