முகத்தில் ஒரு தெர்மாமீட்டர்

லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போனால் சுமார் 430 கிலோமீட்டர். முக்கால்வாசி பாலைவனம். பாதி வழி தாண்டியதும் பேக்கர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டரை நட்டு வைத்திருக்கிறார்கள். 1913-ல் பக்கத்து டெத் வேலியில் 134 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில் பதிவானதன் ஞாபகார்த்தம். ஊருக்குள் எவ்வளவு சூடு என்பதை ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் காட்டிக் கொடுத்துவிடும்.

2018 நவம்பரில் ஒரு சனிக்கிழமை அதைக் கடந்தபோது என் வயிற்றுக்குள்ளும் நல்ல சூடு.

காரணம், பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்த நண்பன். ஒரே கம்பெனி, ஒரே ப்ராஜெக்ட், ஒரே வாடகை வீடு, ஒரே ரசப்பொடி டப்பா. முந்தின நாள் மாலை மேனேஜர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "டிசம்பரோட ஒரு ஆளைக் குறைக்கிறாங்க. நீ இருக்கே. அவன் ஊருக்குத் திரும்பணும். திங்கக்கிழமை நானே சொல்றேன். அதுவரைக்கும் மூச்சு விடாதே!"

நண்பனோ உற்சாகத்தில் இருந்தான். "மாப்ளே, ஜனவரிக்கு டிக்கெட் ஆஃபர் போட்டிருக்கான்டா. நாளை ராத்திரியோட முடியுது. கேன்சல் பண்ணினா பைசா திரும்பாது. அவளுக்கும் பாப்பாவுக்கும் போட்டுடட்டுமா?"

நான் சட்டென்று பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன். "இளையராஜாடா... பேசாம கேளு!"

லாஸ் வேகாஸ் என்றதும் நாம் சினிமாவில் பார்க்கிற பிரம்மாண்ட ஓட்டல்கள் எல்லாம் 'ஸ்ட்ரிப்' என்ற சாலையில் இருக்கின்றன. நாங்கள் போனது பழைய ஊரான ஃப்ரீமான்ட் தெருவுக்கு. 1995-ல் அந்தத் தெருவுக்கே கூரை போட்டு, கூரை முழுக்க விளக்கு மாட்டிவிட்டார்கள். ராத்திரி அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் எதிரே வருகிறவர் மேல் மோதுவது நிச்சயம். நான் இரண்டு பேரிடம் ஸாரி சொன்னேன்.

சீட்டாட்டக்காரர்களுக்கு இது க்ஷேத்திரம். பென்னி பினியன் என்பவர் இங்கே 'ஹார்ஸ்ஷூ' என்ற காசினோ வைத்திருந்தார். போக்கருக்கான உலக சீரிஸ் போட்டியை 1970-ல் ஆரம்பித்தது அங்கேதான். 2003-ல் அதில் ஜெயித்தவர் கிறிஸ் மணிமேக்கர். சத்தியமாக அதுதான் அவர் பெயர்! டென்னஸியில் அக்கவுண்டன்ட். நம்மைப் போல ஆபீஸ் ஆசாமி. இன்டர்நெட்டில் 86 டாலர் கட்டி ஆடி, உள்ளே நுழைய இடம் பிடித்து, 25 லட்சம் டாலரோடு வீட்டுக்குப் போனார். கடைசிச் சுற்றில் எதிராளி சாம் ஃபார்ஹா, பழம் தின்று கொட்டை போட்டவர். அவரிடம் ஒன்பது ஜோடி. மணிமேக்கரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. ஆனாலும் இருந்த சிப்ஸ் அத்தனையையும் நடுவில் தள்ளிவிட்டு, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஃபார்ஹா யோசித்து யோசித்து, சீட்டைக் கவிழ்த்துவிட்டார்.

இதையெல்லாம் படித்த தெம்பில் நாங்களும் ஒரு பழைய காசினோவுக்குள் நுழைந்தோம். உள்ளே கடிகாரமும் இல்லை, ஜன்னலும் இல்லை. ஆளுக்கு 200 டாலர். அன்றைய கணக்கில் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல். ஊருக்கு வாங்கவேண்டிய சாமான்களுக்காக நான் ஒதுக்கி வைத்திருந்த பணம்.

ஆட்டம் சுலபம். ஆளுக்கு இரண்டு சீட்டு, ரகசியமாக. நடுவில் ஐந்து சீட்டு, பொதுவில். முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், அல்லது விலகலாம். ரம்மியில் கையில் பதிமூன்று சீட்டு இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே பொழுது போய்விடும். இங்கே இரண்டே சீட்டு. மீதி நேரம் முழுக்க எதிராளியின் மூஞ்சியைத்தான் பார்க்கவேண்டும்.

மைக் கேரோ என்பவர் 1984-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய சூத்திரம் எளிமையானது: கையில் ஒன்றும் இல்லாதவன் பலசாலி மாதிரி நடிப்பான், நல்ல சீட்டு வைத்திருப்பவன் பாவப்பட்ட ஜீவன் மாதிரி நடிப்பான். உங்களை முறைத்துப் பார்ப்பவனிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வேறெங்கோ பராக்குப் பார்ப்பவனிடம் ஜாக்கிரதை. நடுச்சீட்டு விழுந்ததும் தன் சிப்ஸைக் கள்ளப்பார்வை பார்க்கிறானா, பந்தயம் கட்டத் தயாராகிவிட்டான் என்று அர்த்தம்.

எனக்கு இரண்டு ராஜா வந்தது. கேரோ சொன்னபடியே நானும் பாவப்பட்ட ஜீவனானேன். பெருமூச்சு விட்டேன். உதட்டைப் பிதுக்கினேன். தயங்கித் தயங்கிப் பன்னிரண்டு டாலர் வைத்தேன். எட்டுப் பேரும் மளமளவென்று சீட்டைப் போட்டுவிட்டார்கள், என் நண்பன் உட்பட! இரண்டு ராஜாக்கள் சேர்ந்து எனக்குச் சம்பாதித்துத் தந்தது மூன்று டாலர்.

ஒரு மணி நேரம் கழித்து நாலு ஆர்ட்டின் சேர்ந்தது. ஐந்தாவது வந்தால் ஜெயம். வரவில்லை. மணிமேக்கரை மனதில் நினைத்து, மீதமிருந்த 140 டாலரையும் டொப்பென்று நடுவில் போட்டு, எதிரே இருந்த தொப்பித் தாத்தாவை முறைத்தேன். முகத்தில் ஒரு சலனம் இல்லை. மெழுகு பொம்மை தோற்றது போங்கள்! தாத்தா பத்து ஜோடியைக் காட்டி, அவ்வளவையும் அள்ளிக்கொண்டார்.

எழுந்தபோது அவரிடமே கேட்டேன். தாத்தா இரக்கமுள்ளவர். அவர் இங்கிலீஷில் சொன்னதன் சாரம்: "உன் முகம் நன்றாகத்தான் இருந்தது, தம்பி. நான் முகத்தைப் பார்ப்பதில்லை. நல்ல சீட்டு வந்தபோது சிப்ஸை முட்டையை வைக்கிற மாதிரி வைத்தாய். இப்போது செங்கல்லைப் போடுகிற மாதிரி போட்டாய்."

இதற்கு ஆராய்ச்சியே உண்டு. உலக சீரிஸ் ஆட்ட வீடியோக்களை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டி, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்டக்காரரின் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். சிப்ஸைத் தள்ளுகிற கையை மட்டும் பார்த்தவர்கள் சீட்டு நல்லதா மோசமா என்று ஓரளவு சரியாகவே சொன்னார்கள். முகத்துக்குப் பூட்டுப் போடுகிற அவசரத்தில் கையை மறந்துவிடுகிறோம்.

மறைப்பதற்கு வழி நடிப்பு இல்லை. ராஜா வந்தாலும் ரெண்டு வந்தாலும் ஒரே மாதிரி பார்ப்பது, ஒரே அளவு நேரம் எடுத்துக்கொள்வது, ஒரே மாதிரி சிப்ஸை வைப்பது. அவ்வளவுதான். சொல்ல ஒரு வரி. எனக்கு 200 டாலர் ஆயிற்று.

நண்பன் முப்பது டாலர் ஜெயித்திருந்தான். வெளியே வந்து காபி வாங்கிக் கொடுத்தான். போனை எடுத்து டிக்கெட் பக்கத்தைத் திறந்தான். பிறகு அதை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். காலையிலேருந்து மூணு தடவை டிக்கெட் பேச்சு எடுத்தேன். மூணு தடவையும் பாட்டைக் கூட்டினே. மத்த பேச்சுக்கெல்லாம் கூட்டலை. தாத்தா சொன்னப்பதான் எனக்கு உறைச்சுது. என்ன விஷயம்?"

பன்னிரண்டு டாலருக்கு அத்தனை நடிப்பு நடித்தவனுக்கு அப்போது ஒன்றும் வரவில்லை. காபிக் கப்பைப் பார்த்துக்கொண்டு, "போடாதேடா" என்றேன்.

ரொம்ப நேரம் பேசவில்லை. "பாப்பாவுக்கு ஸ்கூல்கூடப் பார்த்து வெச்சிருந்தேன்" என்றான். அப்புறம், "திங்கக்கிழமை மேனேஜர் சொல்லும்போது எனக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன். நீ மாட்டிக்கக் கூடாது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். பேக்கர் வந்தது. 134 அடி தெர்மாமீட்டரைப் பார்த்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தடவை பாட்டைக் கூட்டியது அவன்.

திங்கட்கிழமை மேனேஜர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். நண்பன் புருவத்தை உயர்த்தினான். "ஓ... அப்படியா சார்?" என்றான். அளவான ஆச்சரியம். ஃபார்ஹாவே ஏமாந்திருப்பார்.

மேஜை மேல் இருந்த அவன் கைகளை மட்டும் நான் பார்க்கவில்லை.