87 ஆம் இலக்கம்

2019 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். கிழக்கு ஜேர்மனியின் நகரமொன்றில், நாடக அரங்கின் பின்வாசலில், காவலாளியின் அறைக்கு அருகே கிடந்த வாங்கில் அமர்ந்திருந்தேன். உள்ளே என் பெறாமகள் ஆடிக்கொண்டிருந்தாள். வூப்பர்டாலிலிருந்து அதிகாலைப் புகையிரதத்தில் புறப்பட்டு, ஹனோவரில் மாறி, 5 மணி நேரம் பயணம் செய்து வந்திருந்தோம். 40 நிமிடத்தில் அவள் பையோடு வெளியே வந்துவிட்டாள்.

"முடிஞ்சுது பெரியப்பா. வாங்கோ, கோப்பி குடிப்பம்."

நான் அவளோடு சென்றது வெறும் துணைக்காக அல்ல என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். புறப்படும் முன் தம்பி என்னைத் தனியே அழைத்து, "அண்ணை, நீங்கள் சொன்னால் கேப்பாள். இந்த ஆட்டத்தை விட்டுப்போட்டு யூனிவர்சிற்றிக்குப் போகச் சொல்லுங்கோ" என்றிருந்தான். நானும் தலையாட்டியிருந்தேன். பத்திரிகையில் நாற்பது வருடம் பிறருக்குப் புத்தி சொல்லிப் பழகியவனுக்கு இது ஒரு வேலையா என்ற நினைப்பு.

ஒடிஷன் எனப்படும் இந்த ஆடல் தேர்வுக்கு ஒரு பருவம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஜேர்மனியில் அரச, மாநகர நிதியில் இயங்கும் அரங்குகள் ஏறத்தாழ 140. அவற்றில் பலவற்றுக்குச் சொந்த நடனக்குழு இருக்கிறது. ஒப்பந்தம் ஒரு பருவத்துக்கானது. அடுத்த பருவத்துக்கு ஒருவர் வேண்டாமென்றால், அப்போதைய விதிப்படி, ஒக்டோபர் 31 க்குள் அறிவித்துவிட வேண்டும். புதிய பணிப்பாளர் வந்தால் பழைய குழுவே கலைந்துபோவதும் உண்டு. எனவே வெற்றிடங்கள் நவம்பரில்தான் வெளியே தெரியும். அதன் பின் வசந்தம் வரையில் ஐரோப்பாவின் புகையிரதங்களிலும் இரவு பஸ்களிலும் இருபது வயதுப் பிள்ளைகள் அலைகிறார்கள். பயணச் செலவு அவர்களுடையது. நுனிவிரலில் நின்றாடும் சப்பாத்தும் விலை கூடியது. அழுத்தி ஆடினால் ஒரே நாளில் அதன் உயிர் போய்விடும். புகையிரதத்தில் அவள் புத்தகம் எடுத்து நான் கண்டதில்லை. ஊசியும் நூலுமாகச் சப்பாத்துக்கு நாடா தைத்துக்கொண்டே இருப்பாள்.

கோப்பிக் கடையில் நடந்ததைச் சொன்னாள். நெஞ்சில் ஊசியால் குத்திய கடதாசியில் 87. சுவரோரக் கம்பியைப் பிடித்துச் செய்யும் பயிற்சி முடிந்ததும் ஒருவர் சில இலக்கங்களை வாசித்தார். வாசித்தவற்றில் 87 இல்லை. ஏனையோருக்கு நன்றி.

"என்ன குறை எண்டு சொல்லேல்லையோ?"

"சொல்லமாட்டினம். உயரமாயிருக்கலாம்."

அவள் 174 சென்ரிமீற்றர். நுனிவிரலில் எழுந்தால், தூக்கி ஆட வேண்டிய இளைஞனை விட உயர்ந்துவிடுவாள். பதின்மூன்று வருடப் பயிற்சியை அப்பன் வழி எலும்பு தோற்கடிக்கும் என்று யார் கண்டார்? எங்கள் அரங்கேற்றங்களை நினைத்துக்கொண்டேன். அங்கு எவரையும் பாதியில் அனுப்புவதில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பொதியும் கிடைக்கும்.

"பினா பௌஷின் 'கொன்டாக்ற்ஹோஃப்' இப்பிடித்தான் தொடங்கும்" என்றாள். 1978 இல் வூப்பர்டாலில் உருவான அந்த ஆட்டத்தில், ஆடுவோர் சபையின் முன்னே வந்து பல்லையும் கையையும் முதுகையும் காட்டுவார்கள். 2008 இல் அதை அந்நகரத்தின் பதின்ம வயதினர் ஆடினர். அந்தப் பயிற்சியைப் பற்றிய ஆவணப்படம் 2010 இல் வெளிவந்தது. பாடசாலையில் அதைப் பார்த்த நாளில்தான் இதுவே தன் வாழ்க்கை என்று தீர்மானித்தாளாம். என் தம்பியோ முப்பது வருடத்துக்கு மேல் அதே நகரத்தில் உணவகச் சமையலறைகளில் நின்றவன். பினா பௌஷ் 2009 இல் இறந்தது கூட அவனுக்குத் தெரியாது.

அடுத்த தேர்வு பிரான்சில், லியோனில். இடையில் பாஸலில் ஒரு மாமி வீட்டில் தங்கினோம். மற்றப் பிள்ளைகள் மலிவான விடுதியில் நாலைந்து பேராக அடைந்து கிடக்க, இவளுக்கு நகரத்துக்கு நகரம் ஓர் உறவினர் வீடு. 83 இல் நாங்கள் சிதறியதன் பயன் இது என்று எண்ணியபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரவு பத்தரைக்கு மாமி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்துவிட்டு, "எப்ப பிள்ளை கலியாணம்?" என்று கேட்டார். புட்டில் பாதியை எனக்குத் தள்ளிவிட்டு, அவள் மறுமொழி சொல்லாமல் சிரித்தாள்.

மறுநாள் லியோன் செல்லும் வழியில் தம்பி சொன்னதைச் சொல்லிவிட்டேன். அவள் நாடாவை முடிச்சிட்டு, நூலைப் பல்லால் கடித்தாள்.

"பெரியப்பா, அப்பாவுக்கு எத்தினை தரம் 'இல்லை' எண்டு கடிதம் வந்தது?"

எனக்குத் தெரியும். 1984 இல் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்குக்குள் வந்தவன் அவன். அகதி விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் அனுமதியின்றி மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. பக்கத்து மாவட்டத்தில் இருந்த சிநேகிதனின் திருமணத்துக்குக் கூடப் போக முடியவில்லை என்று எனக்கு எழுதியிருந்தான். நிராகரித்த கடிதங்களின் பிரதிகளையும் அனுப்பியிருந்தான். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு நீண்ட இலக்கம் இருக்கும்.

"இரண்டு தரம்" என்றேன்.

"நான் இந்த வரிசம் ஏழு இடம். அப்பா ரண்டாவது கடிதத்தோடை ஊருக்குத் திரும்பேல்லைத்தானே?"

இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் உயிருக்காக நின்றவன். இவள் ஆசைக்காக நிற்கிறாள். ஆனால் சொல்லவில்லை. அவளது பெருவிரலில் சுற்றியிருந்த பிளாஸ்ரரில் இரத்தம் கசிந்திருந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லியோனில் அவளைக் கடைசிவரை வைத்திருந்தார்கள். பிறகு எழுதுவோம் என்றார்கள், எழுதவில்லை. அன்றிரவு தொலைபேசியில் தம்பி, "சொன்னீங்களோ?" என்றான். "சொன்னன்" என்றேன். அவள் திருப்பிக் கேட்டதை அவனிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் கடைசியில், பன்னிரண்டாவது இடத்தில், சிறிய நகர அரங்கொன்று ஒரு பருவத்துக்கு எடுத்துக்கொண்டது. ஓகஸ்டில் சேர்ந்தாள். 2020 மார்ச்சில் கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையைப் பிடித்துப் பயிற்சி செய்ததாகத் தம்பி சொன்னான். தான் தேநீர் போடவும் இடமில்லை என்று முறைப்பாடு வேறு.

2021 இல் அங்கு போனேன். சமையலறைச் சுவரில் கோயில் கலண்டர் தொங்கிற்று. கந்தசஷ்டிக்கும் தீபாவளிக்கும் யாரும் அடையாளமிட்டிருக்கவில்லை. ஒக்டோபர் 31 ஐச் சுற்றித் தம்பி சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தான்.