அந்த ஒரு சொட்டு

சின்ன வயதில் பெப்ஸி ஐஸ் சாப்பிட்டிருப்பீர்கள். நீளமான பிளாஸ்டிக் உறைக்குள் கலர் தண்ணீரை உறைய வைத்து, ஐம்பது காசுக்கு விற்பார்களே, அதுதான். கடித்து உறிஞ்சியது போக, கரைந்து அடியில் தங்கியதை எப்படிக் காலி செய்தீர்கள்? அடியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, அப்படியே வாய் வரைக்கும் வழித்துக்கொண்டு வருவீர்கள். விரல் உள்ளே இருப்பதைத் தொடாது. ஆனால், சாறு மொத்தமும் வாய்க்கு வந்துவிடும்.

இதையே ஒரு மோட்டாரும் நாலைந்து உருளைகளும் செய்தால் அதற்குப் பெயர் பெரிஸ்டால்டிக் பம்ப். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நானும் முதலில் பயந்தேன். நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பம்ப், மாடியில் தண்ணீர் நிரம்பியதும் யாராவது கத்தினால் அணைப்பது.

சொல்லிக் கொடுத்தவன் என் சின்னம்மா மகன். ஊர் காவேரிப்பட்டினம். பூம்புகார்க் காவிரிப்பூம்பட்டினம் என்று நினைத்து, கடல் எங்கே என்று கேட்காதீர்கள். இது கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போகிற வழியில் இருக்கிறது. இங்கே கடலும் இல்லை, காவேரியும் இல்லை. ஓடுவது தென்பெண்ணை. சுற்றிலும் மாந்தோப்பு, மாங்கூழ் ஃபேக்டரி. டிப்ளமோ முடித்த பையன்கள் காலையில் ஓசூர் பஸ்ஸைப் பிடிப்பார்கள். இவனும் அப்படித்தான் பிடித்தான். பல வருஷம் ஒரு மெஷின் ஷாப்பில் சி.என்.சி. ஓட்டிவிட்டு, ஒருநாள் வேலையை விட்டான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, "மருந்து நிரப்புற சின்ன பம்ப் செய்யப் போறேண்ணா" என்றான். இரண்டு லட்சம் கேட்டான். கொடுத்தேன்.

சின்னம்மாவுக்கு அவன் செய்வது உடனே புரிந்துவிட்டது, அதுதான் ஆச்சரியம். அவர் மாடு வைத்திருக்கிறார். "மேல ரெண்டு விரல்ல அடைச்சுக்கிட்டு கீழ அழுத்துனா பால் வருது. அதை விட்டா மறுபடி மடியிலிருந்து இறங்குது. அதானேடா?" என்றார். அதேதான். உருளை குழாயை நசுக்கிக்கொண்டு நகர்கிறது. நசுங்கிய குழாய் பின்னால் விரியும்போது அடுத்த பங்கை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நம் உணவுக் குழாயும் குடலும் செய்வது ஏறக்குறைய இதே வேலை. டயாலிஸிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுற்றவைப்பதும் இப்படி ஓர் உருளை பம்ப்தான். 1953-ல் அமெரிக்காவில் டாக்டர் ஜான் கிப்பன், பதினெட்டு வயதுப் பெண்ணின் இதயத்தைத் திறந்து அறுவை செய்தபோது, இதயத்தின் வேலையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டதும் உருளை பம்ப்தான்.

இதில் என்ன பெரிய விசேஷம் என்கிறீர்களா? மருந்து தொடுவது குழாயை மட்டும்தான். மோட்டார், உருளை, கிரீஸ், தூசி எல்லாம் வெளியே. பிஸ்டன் பம்ப் என்றால் கழற்றி, கழுவி, கிருமி நீக்கி, மறுபடி பூட்ட வேண்டும். இங்கே குழாயை மாற்றினால் போதும்.

கேட்கச் சுலபம். கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவன் படும் பாடு தெரிந்தது. பம்பைச் சின்னதாக்கினால் குழாய் இறுக்கமாக வளைய வேண்டும், சீக்கிரம் களைத்துப்போகும். குழாயின் உள்விட்டம் 1.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெறும் 0.05 மில்லிமீட்டர் கூடினால், உள்ளே போகிற திரவம் ஆறு சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். புதுக் குழாய் ஓட ஓட கொஞ்சம் தளரும். காலையில் வைத்த அளவு மத்தியானம் இருக்காது. அதனால் நகைக்கடைத் தராசு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தண்ணீரை நிரப்பி நிரப்பி எடை போடுவான். ஒரு மில்லி தண்ணீர், ஏறக்குறைய ஒரு கிராம். பாட்டில் பாட்டிலாக எடை போட்டு நோட்டில் எழுதுவான். உருளைகள் ஒவ்வொன்றாக விலகும்போது ஓட்டம் துடிக்கும். அதை அடக்க, இரண்டு குழாய்களை முன்னும் பின்னுமாக ஓடவிட்டு ஒன்றாகச் சேர்த்தான்.

எல்லாவற்றையும் விட அவனைப் படுத்தியது கடைசிச் சொட்டு. பம்ப் நின்றதும் ஊசி முனையில் ஒரு சொட்டு தொங்கும். சில சமயம் இந்தப் பாட்டிலில் விழும், சில சமயம் அடுத்ததில் விழும், சில சமயம் வெளியே விழும். நின்றதும் மோட்டாரைத் துளி பின்னால் சுழற்றினால் அது உள்ளே போய்விடும். எவ்வளவு துளி என்பதுதான் கேள்வி. அதிகமானால் காற்றையும் சேர்த்து இழுக்கும். அந்தத் 'துளி'க்கு அவனுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது.

பிறகு ஒரு பார்ட்டி வந்தது. கண் சொட்டு மருந்து நிரப்புகிறவர்கள். பம்ப் பிடித்துவிட்டது. "குழாயையும் நீங்களே சப்ளை பண்ணுங்க. ஆனா விலையைக் குறைங்க, சாதா சிலிக்கான் குழாய் போதும்" என்றார்கள். இவன் முடியாது என்றான்.

எனக்கு வந்ததே கோபம்! காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவன் இல்லையா? "டேய், அவங்களே போதும்ங்கறாங்க. நாளைக்கு ஏதாவது ஆனா அது அவங்க பொறுப்பு. ஆர்டரை வாங்குடா" என்றேன். என் இரண்டு லட்சமும் அந்த வாக்கியத்துக்குள் உட்கார்ந்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவன் கத்தவில்லை. பழைய குழாய் ஒன்றை எடுத்து நீளவாக்கில் வெட்டி, உள்பக்கத்தைக் காட்டினான். உருளை ஓடிய இடம் மட்டும் மங்கிச் சொரசொரவென்று இருந்தது. "அண்ணா, ஆயிரக்கணக்குல நசுங்கும்போது உள்சுவர் துகளா உதிருது. மட்டமான குழாய்னா சீக்கிரம் உதிரும். மருந்தை வடிகட்டி சுத்தம் பண்ணின பிறகுதான் என் பம்புக்கு வருது. எனக்கப்புறம் வடிகட்டி கிடையாது. நேரா கண்ணுக்குள்ள" என்றான்.

ஆர்டர் போனது. நான் மூன்று மாதம் அவனோடு சரியாகப் பேசவில்லை.

2023-ல் செய்தி படித்திருப்பீர்கள். சென்னை அருகே தயாரான கண் சொட்டு மருந்தோடு தொடர்புபடுத்தி, அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத ஒரு பாக்டீரியா தொற்று பரவியது. அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் கணக்கில் 81 பேர். நான்கு பேர் இறந்தார்கள், பதினான்கு பேருக்குப் பார்வை போனது. அது குழாய்த் துகள் சமாசாரம் இல்லை. கிருமி நீக்கத்தில் கோளாறு என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனாலும் அன்றைக்குப் பேப்பரை மடித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். செய்தியைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. "சாப்டியாண்ணா?" என்றான்.

இதே தமிழ்நாட்டில்தான், மதுரையில் 1992-ல் தொடங்கிய அரோலேப், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை ஏழைகளுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. விலையைக் குறைக்கலாம், எதைக் குறைக்கிறோம் என்பதில்தான் விஷயம் என்று இவனிடம் ஒருமுறை சொன்னேன். "அதைத்தான் நான் அன்னிக்கே சொன்னேன்" என்றான். மூன்று கல்லூரி லேபுகளுக்கு பம்ப் கொடுத்திருக்கிறான். என் பணம் இன்னும் வரவில்லை. அவன் கேட்டால் இன்னும் கொடுப்பேனா என்று என் மனைவி கேட்கிறாள். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். தினமும் பல வேளை சொட்டு விடும் வேலை என்னுடையது. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, லேசாக அழுத்தினால், முனையில் ஒரு சொட்டு திரண்டு நிற்கும். அதை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன்.

"என்னடா அதையே மொறச்சுப் பாக்கறே? கண்ணு வலிக்குது, விடு" என்கிறார் அம்மா.